பாட்டு வருது, பேச்சு வரல

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய கூட்டத்தில் 'சுருக்கம்' மூன்று முறை கொட்டாவி விட்டார். நிலைய மேலாளருக்கு நான் வைத்த பெயர் அது. யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். தான் திறந்தால் முக்கால் மணி நேரம்.

முக்கால் மணி நேரத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: மாதக் கடைசியோடு ஒலிபரப்புக் கோபுரத்தை அணைக்கிறோம், ஏப்ரல் ஒன்றிலிருந்து எங்கள் வானொலி இணையத்தில் மட்டும். "உலகமே கேக்கும் மேடம்" என்கிறார். உலகம் வேறு வேலை இல்லாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம்.

ஒலியை நசுக்கி இணையத்தில் அனுப்ப என்கோடர் வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. இருபத்து மூன்று வருடமாக இங்கே ஒலிப் பொறியாளர் என்று இருப்பவள் நான் ஒருத்திதான். வேறு யாரிடம் கொடுப்பார்கள், வாசல் காவலாளியிடமா?

மார்ச் 6, வியாழன்

'இலவசம்' வந்தான். அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். நாற்பத்தைந்து வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. எதைக் கேட்டாலும் அது இலவசமாகக் கிடைக்கும் என்பான்.

"மேடம், இதுக்கு மென்பொருள் இலவசமாவே இருக்கு. பழைய கம்ப்யூட்டர்ல போட்டுடலாம். என்கோடர் பெட்டி எதுக்கு?"

எதுக்கா? அந்தப் பழைய கம்ப்யூட்டர் கோடையில் தானே அணைந்துபோகும், அதுக்கு.

"அப்புறம் மேடம், மோனோ போதும். கேக்கறவங்க பாதிப் பேர் ஒத்த ஸ்பீக்கர் போன்தான் வச்சிருக்காங்க. இடது வலதுன்னு ரெண்டா அனுப்பி என்ன ஆகப்போகுது?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. ஸ்டீரியோவை விட்டுவிட்டு ஒற்றைக் குழாயில் அனுப்பு என்கிறான். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தப் பொறுமைக்கு யாராவது எனக்கு மெடல் குத்த வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

காதுப் பரீட்சை வைத்தேன். ஒரே பாட்டு, மூன்று விதம். முதலாவது அசல். இரண்டாவது, கம்பெனி மாதிரிக்குக் கொடுத்த பெட்டியில் நூற்று இருபத்தெட்டு பிட்ரேட்டில் போனது. மூன்றாவது இலவசத்தின் மென்பொருளில் முப்பத்திரண்டில் பிழிந்தது, சக்கைதான் மிச்சம். எது எது என்று சொல்லாமல் போட்டேன்.

சுருக்கத்துக்குப் பிடித்தது மூன்றாவது. "இதுல சத்தம் நல்லா தூக்கலா இருக்கு." வரவேற்பாளினிக்கும் மூன்றாவது. விளம்பரப் பிரிவுக்காரர் மூன்றும் ஒன்றுதான் என்றார். அவர் ஒருவர்தான் நேர்மையானவர். இலவசம் மட்டும் முதலாவதுதான் அசல் என்று சரியாகச் சொன்னான். குருட்டு அதிர்ஷ்டம்.

இவர்களுக்கெல்லாம் காது எதற்கு? கண்ணாடி மாட்டிக்கொள்ள.

மார்ச் 12, புதன்

பெட்டிதான். எழுதிக் கொடுத்துவிட்டேன், ஸ்டீரியோ என்று அடிக்கோடு போட்டு.

மார்ச் 15, சனி

தங்கச்சி கட்டுப்பாட்டு அறைக்கு வந்து நாற்காலியில் சுழன்றாள். நாற்பத்தாறு வயது ஆகிறது, இன்னும் சுழல்கிறாள். தினமும் மதியம் ஒன்றரைக்கு நேயர் கடிதம் படிக்கிற நிகழ்ச்சி அவளுடையது. பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. மாமியார் சண்டை, மறந்துபோன பெயர், காணாமல் போன பூனை என்று எதை எழுதினாலும் படித்துப் பதில் சொல்வாள். எங்கள் நிலையத்தில் நேரலைப் பேச்சு என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். செய்தியும் விளம்பரமும் முன்கூட்டியே பதிவாகிப் பாட்டுக் கணினிக்குள் போய்விடுகின்றன.

"அக்கா, போன்ல என் குரல் நல்லா வருமா?"

"உன் குரல் எதுல நல்லா வந்திருக்கு, போன்ல வர?"

சிரித்தாள். அவளுக்கு எதுவும் உறைக்காது. போகும்போது, "அந்தக் கண்ணாடிய மாத்து. பேப்பரக் கை நீட்டிப் படிக்கற" என்றாள். வாய்ச் சவடாலுக்குச் சம்பளம் வாங்குகிறவள் என் கண்ணைப் பரிசோதிக்கிறாள்.

அம்மா அவளோடுதான் இருக்கிறாள், இரண்டு தெரு தள்ளி. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவதோடு சரி. அந்த வீட்டில் எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள்.

மார்ச் 20, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. என்ன கட்டமைப்பு! பாட்டுக் கணினிக்குத் தனி வழி, மைக்குக்குத் தனி வழி. மைக் ஒன்று, பெட்டியில் நுழைவாய் இரண்டு, இடதும் வலதும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயர் கடையில் கிடைக்கிறதாம், இலவசம் சொன்னான். கடை வயரை என் நிலையத்தில் செருக விடுவேனா? நானே உட்கார்ந்து ஈயம் உருக்கிச் சால்டர் வைத்துக் கட்டினேன். ஒவ்வொரு பிளக்கிலும் சிவப்பு வயர் இரண்டாம் ஊசிக்கு, அரக்கு நிறம் மூன்றாம் ஊசிக்கு. முக்கால் மணி நேரம். அரக்கும் சிவப்புமாக வயர் தயாரிக்கிறவனை நிற்க வைத்துச் சுட வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

நான்கு மணிக்குக் கோபுரத்தை அணைத்தோம். சுருக்கம் கைதட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இதுதான் தரம்!

மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இணைய ஒலியைக் கேட்டேன். தங்கச்சியின் குரல் எப்போதும் நெற்றிக்கு நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இன்று அகன்று, தலையைச் சுற்றி, பின்னால்கூட நின்றது. இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு விரிந்த குரலை நான் கேட்டதில்லை. பெட்டி அவளைக்கூடப் பெரிய கலைஞி ஆக்கிவிட்டது. சுருக்கம் காரில் கேட்டாராம். "தியேட்டர் மாதிரி இருந்துச்சு மேடம்." அவர் வாயில் வந்த முதல் உருப்படியான வாக்கியம்.

இலவசத்திடம் இயர்போனை நீட்டினேன். ஒரு நிமிடம் கேட்டான். "குரல் ஒரு மாதிரி... பிரிஞ்சு நிக்குதே மேடம். ஒத்த ஸ்பீக்கர்ல கேட்டுப் பாத்தீங்களா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவனுடைய மென்பொருளை எடுக்கவில்லை என்ற எரிச்சல் மூக்கு வழியாக வருகிறது.

ஏப்ரல் 7, திங்கள்

நேயர் ஒருவர் தொலைபேசியில், வயதான குரல். "பாட்டு வருது, பேச்சு வரல."

"போன அணைச்சுப் போடுங்க."

"அணைச்சுப் போட்டேம்மா. செய்தி வருது, விளம்பரம் வருது. கடிதம் படிக்கற பொண்ணு மட்டும் வரல."

பேச்சு மட்டும் எப்படி வராமல் போகும்? வந்தால் எல்லாம் வரும், போனால் எல்லாம் போகும். விரல் எங்காவது பட்டு ஒலியைக் குறைத்திருப்பார். ஹெட்போனில் இன்னொரு முறை கேட்டேன், மணி மாதிரி இருக்கிறது. பழுதுப் பதிவேட்டில் எழுதினேன்: 'சரிபார்த்தேன். பழுது இல்லை.' கையெழுத்து.

ஏப்ரல் 11, வெள்ளி

மூன்று புகார். மூன்றும் அதே பல்லவி. பழுது இல்லை. பழுது இல்லை. பழுது இல்லை. பழுது அவர்கள் வாங்கிய மலிவு போனில் இருக்கிறது. அதற்கு எங்கள் பதிவேட்டில் பத்தி இல்லை.

ஏப்ரல் 16, புதன்

பதினோராவது புகார். வரவேற்பாளினியிடம், இனி எனக்கு இணைப்புக் கொடுக்காதே, நீயே பதில் சொல்லிவிடு என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சுருக்கம் திரையில் ஒரு வரைபடம் போட்டார். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று இணையம் எண்ணிக் கொடுக்கிறதாம். பாட்டு ஓடும்போது கோடு மேலே. தங்கச்சி மைக்கைத் திறந்ததும் மொட்டை மாடியிலிருந்து குதித்த மாதிரி கீழே. ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

"பேச்சுக்கு இணையத்துல ஆள் இல்ல. இந்த மாசத்தோட கடித நிகழ்ச்சிய நிறுத்திடலாம். முழுக்கப் பாட்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தொழில்நுட்பக் கோளாறு ஒண்ணும் இல்லையே மேடம்? உங்க தங்கச்சி விஷயம், அதான் கேக்கறேன். சுருக்கமா சொல்லுங்க."

தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலவசம் வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"என் பக்கம் ஒரு குறையும் இல்ல."

சுருக்கமாகத்தான் சொன்னேன். உள்ளதைச் சொன்னேன். தங்கச்சி என்பதற்காகப் பெட்டி மேல் பழி போட முடியுமா?

ஏப்ரல் 25, வெள்ளி

தங்கச்சி என்னைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ எனக்காகப் பொய் சொல்ல வேணாம். ஒரு தடவ நல்லா பாக்கறேன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பாத்தாச்சு. பதினோரு தடவ."

"கடிதமும் வர்றதில்ல. முன்ன வாரத்துக்கு ஒரு பை வரும். இந்த மாசம் நாலு. அவ்வளவு கேவலமாவா பேசறேன்?"

என்ன சொல்வது? ஆமாண்டி, பன்னிரண்டு வருஷமா ஒரே மாதிரி இழுத்து இழுத்துப் பேசற, ஜனங்களுக்கு இப்பத்தான் விரல் நுனியில அணைக்கற வசதி வந்திருக்கு, அணைக்கறாங்க. சொல்லிவிட்டேன். வாய் தவறி இல்லை, சொல்ல நினைத்தே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. முதல் முறையாக உறைத்திருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

கடைசி நிகழ்ச்சி. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். கடிதம் இல்லை என்பதால் பன்னிரண்டு வருடத்தில் தனக்குப் பிடித்த கடிதங்களை நினைவிலிருந்தே சொன்னாள். கடைசியில், "இந்தக் குரல உங்க வீடு வரைக்கும் கொண்டு வந்தது எங்கக்கா. அவங்களுக்கு நன்றி" என்றாள். பிறகு தொலைபேசி எண்ணைச் சொல்லி, யாராவது பேச விரும்பினால் கூப்பிடலாம் என்று காத்திருந்தாள். இரண்டு பாட்டு ஓடியது. மணி அடிக்கவில்லை.

ஹெட்போனைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள். ஒருத்தர்கூட 'போகாதே' என்று சொல்லவில்லை. ஜனங்களுக்கு நன்றி கிடையாது.

மே 4, ஞாயிறு

இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

அம்மா வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வெளியே வேலை தேடப் போயிருந்தாள். அம்மா சமையலறையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில் எங்கள் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய போன், ஒற்றை ஸ்பீக்கர்.

"பெரியவளே, சின்னவ வேலைய எப்ப விட்டா? உண்மையச் சொல்லு."

"புதன்கிழமை."

"பொய் சொல்லாத. ஒரு மாசமா அவ ரேடியோவுல பேசறதே இல்ல."

"தினமும் பேசினாம்மா."

"எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சியா? ஒன்றரைக்குப் பாட்டு முடியும். அப்புறம் அமைதி. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். மறுபடி பாட்டு. கோபுரத்த அணைச்ச மறுநாள்லேந்து இப்படித்தான். வேலை போயிடுச்சு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு சும்மா கிளம்பிப் போயிட்டு வர்றான்னு நினைச்சேன். சாயந்திரம் வந்து 'இன்னிக்குக் கேட்டியாம்மா'ம்பா. 'கேட்டேன், நல்லா இருந்துச்சு'ம்பேன். என்னத்தச் சொல்றது, புள்ள மனசு நோகும்ல."

ஒற்றை ஸ்பீக்கர்.

அகன்று நின்ற குரல். தலைக்குப் பின்னால் நின்ற குரல். ஐயோ, எந்த மைக்கில் பேசினால் குரல் தலைக்குப் பின்னால் போய் நிற்கும்? முதல் வருடப் பயிற்சி மாணவருக்குக்கூடத் தெரியுமே. எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்துதான் தரம், தரம் என்று குதித்தேன்.

மே 5, திங்கள்

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே நிலையத்துக்குப் போனேன். பாட்டை நிறுத்தி மைக்கைத் திறந்து, "ஒலிச் சோதனை, ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். இணையத்தில் அரை நிமிடம் பிந்தி வரும். போனைக் காதருகே வைத்துக்கொண்டு நின்றேன். பாட்டு நின்றது. ஒன்றும் இல்லை. மறுபடி பாட்டு வந்தது.

வயரைப் பிரித்தேன். கண்ணாடிக்கு மேல் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். இடது பிளக் சரி. வலது பிளக்கில் சிவப்பு மூன்றாம் ஊசியில், அரக்கு இரண்டாம் ஊசியில். ஒரு பக்கம் தள்ளும்போது மறு பக்கம் இழுத்திருக்கிறது. இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்டால் குரல் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும். பாட்டு வேறு வழியில் போவதால் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மோனோ போதும் என்றானே, அவன் பேச்சைக் கேட்டு இரண்டையும் கலந்திருந்தால் முதல் நாளே எல்லார் காதிலும் குரல் செத்திருக்கும். அன்றே பிடித்திருப்பேன்.

இரண்டு ஊசிகளையும் மாற்றி சால்டர் வைத்தேன். ஐந்து நிமிடம்தான் ஆனது.

பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை.

மே 6, செவ்வாய்

யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சியே நின்றுவிட்டது, இனி யார் நோண்டப்போகிறார்கள்? இன்னும் நான்கு வருடத்தில் ஓய்வு. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீ. நான் மட்டமாக நினைத்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினால் கடைசியில் நிற்கிறவள் நான்தான். மூன்றும் ஒன்றுதான் என்றாரே விளம்பரக்காரர், அவர் தெரியாததைத் தெரியாது என்றார்.

மே 7, புதன்

சொல்லிவிட்டேன். தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

முழுவதும் கேட்டாள். "எப்ப கண்டுபிடிச்ச?"

"திங்கட்கிழமை."

"இன்னிக்குப் புதன்."

அவள் போர்வையின் இரண்டு முனையையும் சேர்த்து மடித்தாள்.

"படிக்கட்டுல நீ சொன்னத நான் நம்பிட்டேன்க்கா. ஊர் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீ எனக்குப் பிடிக்கறதுக்காக எதையும் சொல்ல மாட்டேன்னு தெரியும். அதனால நம்பிட்டேன்." அடுத்த துணியை எடுத்தாள். "நீ போ."

மே 8, வியாழன்

சுருக்கத்தின் அறை. "சுருக்கமா சொல்லுங்க மேடம்."

"தப்பு என்னுது."

இதைவிடச் சுருக்கமாக அவரிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. பாவம், மனிதர் திணறிப்போனார். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும் என்றார். வரட்டும். கடைசி நிகழ்ச்சியைத் திரும்ப ஒலிபரப்ப வேண்டும் என்றேன். ஒரே ஒரு முறை, அதற்கும் வரைபடம் போட்டுப் பார்ப்பேன் என்றார்.

பதிவேட்டில் என்னுடைய பதினோரு 'பழுது இல்லை'யையும் சிவப்பில் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் எழுதினேன்: 'பழுது: மைக் வயர். கட்டியவர்: நான்.' பதினோரு கையெழுத்து.

இலவசத்திடம், "நீ சொன்னது சரி" என்றேன். "பரவால்ல மேடம்" என்று எழுதாத பேனாவைத் திருகினான். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 12, திங்கள்

பெட்டி எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறது. ஏப்ரல் 30 பதிவை எடுத்து வலது பக்கத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பினேன். குரல் நெற்றிக்கு நடுவில் வந்து ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஒன்றரைக்குப் போட்டேன். அவள் பிடித்த கடிதங்களைச் சொன்னாள். எனக்கு நன்றி சொன்னாள். அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று காலையில் யோசித்தேன், வெட்டவில்லை. எண்ணைச் சொன்னாள்.

மணி அடித்தது. வைத்ததும் அடித்தது. வரவேற்பாளினி ஓடிவந்து, "ரெண்டு லைனும் நிக்க மாட்டேங்குது, எல்லாரும் அவங்க எங்க போயிருந்தாங்கன்னு கேக்கறாங்க, என்ன சொல்ல?" என்றாள். நானே எடுத்துப் பேசினேன். ஏப்ரல் ஏழாம் தேதிக்காரரும் கூப்பிட்டார், அதே வயதான குரல். "நான்தான் சொன்னேனேம்மா." ஆமாம் ஐயா, சொன்னீங்க, நான்தான் கேக்கல என்றேன்.

மே 19, திங்கள்

கண்ணாடி மாற்றியாகிவிட்டது. நோட்டீஸுக்குப் பதில் எழுதினேன், மூன்று வரி.

மே 26, திங்கள்

சுருக்கம் அவளை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாராம். வரைபடம் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. இன்று முதல் மறுபடி ஒன்றரைக்கு.

உள்ளே போகும்போது இலவசத்திடம் நலம் கேட்டாள். வரவேற்பாளினியிடம் சிரித்தாள். என் நாற்காலியைக் கடந்து போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள். இந்த மாதம் ஏழாம் தேதியிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. கைகாட்டினேன், பேசத் தொடங்கினாள்.

வீட்டுத் தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டேன். புதிய ஏற்பாடு இது: தினமும் ஒன்று முப்பத்தைந்துக்கு அம்மா தன் பழைய போனில் கேட்டுச் சொல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

"வருதாம்மா?"

"வருது, வருது. தொண்ட கட்டியிருக்கு அவளுக்கு. வெந்நீர் குடுத்தியா?"

நான் ஹெட்போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டியதைக் கவனிக்கவே இல்லை.

பாட்டு ஓடும்போது பிளாஸ்கைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். கடிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. வெளியே வந்து பதிவேட்டைத் திறந்தேன். 'பேச்சு வருகிறது. சரிபார்த்தவர்: அம்மா.' நிமிர்ந்து பார்த்தபோது மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.